எங்கள் வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை

என் அக்காவை அவள் வேலை செய்த இடத்தில் மடிப்பக்கா என்று கூப்பிடுவார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் நின்றாள். நின்றாள் என்று சொல்வதுதான் சரி. அங்கே உட்கார நாற்காலி கிடையாது. மேற்பார்வையாளருக்கு மட்டும் ஒன்று உண்டு. அதில் அவர் தன் கோட்டை மாட்டி வைத்திருப்பார்.

வார்டுகளிலிருந்து படுக்கை விரிப்புகள் பைகளில் வரும். சிவப்புப் பை என்றால் தொற்று நோயாளிகளுடையது, பிரிக்காமல் அப்படியே மிஷினில் போட வேண்டும். வெள்ளைப் பையைப் பிரித்து உதறிப் பார்க்க வேண்டும். உள்ளே ஊசி இருக்கும், பல்செட் இருக்கும், ஒரு தடவை யாருடைய கல்யாண மோதிரமோ இருந்தது. துவைத்துப் பிழிந்த பிறகு விரிப்பு உருளைக்குப் போகும். அது நீராவியில் சூடாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும் நீளமான இரும்பு உருளை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடித்து அதன் வாயில் கொடுத்தால், இழுத்துக்கொண்டு மறுபக்கம் காய வைத்துத் தள்ளும். அங்கே இன்னும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மூலைகளைப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மடிப்பார்கள். அக்கா மடித்த விரிப்பில் நான்கு விளிம்பும் ஒன்றாக இருக்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

வீட்டிலும் அதே கூத்துதான். துண்டு, என் பனியன், கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பை எல்லாமே ஆஸ்பத்திரிக் கணக்கில் மடிந்து கிடக்கும். மற்றதையெல்லாம் தனியாக மடிப்பாள். விரிப்புக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவாள். "வாடா, அந்த முனையப் பிடி" என்பாள். நான் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் நடந்து வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். "என்னையும் நாலா மடிச்சு அலமாரில வெச்சிடு, தொல்லை விட்டுது" என்பேன். "உன்னை மடிக்க உருளை பத்தாது" என்பாள்.

இந்தக் கதையில் என்னால்தான் வினை என்பதால் என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன். முப்பத்தொன்றாவது வயதில் சாரத்தின் மேல் நிற்கும்போது வலிப்பு வந்து இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தேன். எலும்பு கூடிவிட்டது, வலிப்பு போகவில்லை. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் மூன்று. காவலாளி வேலைக்குப் போனேன், இரண்டாவது வாரம் கேட் முன்னால் விழுந்தேன். கடைக்குப் போனேன், பாட்டில்கள் மேல் விழுந்தேன். அதற்கு மேல் யாரும் கூப்பிடவில்லை. வலிப்பு வராத நேரத்தில் பார்த்தால் நான் கல்லுக்குண்டு மாதிரி இருப்பேன். அதுவே எனக்குப் பெரிய கேடு.

அப்பா இருந்தவரை என்னை உதவாக்கரை என்றுதான் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் தோற்றபோது ஆரம்பித்தது, சாகும்வரை விடவில்லை. அவர் போன மறுநாளே அக்கா அந்த வார்த்தையை வீட்டில் தடை செய்துவிட்டாள். ஒரு தடவை சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்து வாய் தவறிச் சொல்லிவிட்டார். அக்கா அவர் முன்னாலிருந்த தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டாள். பாதிச் சாப்பாடு அதில் இருந்தது. சித்தப்பா அப்புறம் வரவே இல்லை.

எனக்கு அரசாங்கம் இயலாதோர் உதவித்தொகை கொடுத்தது. அக்காவின் சம்பளமும் அதுவும் சேர்ந்தால் இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டுக்கு வாடகை, என் மாத்திரை, சாப்பாடு. இதில் ஒன்று போனால் வீடு போய்விடும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அத்தான் எப்போதோ வேலை தேடிப் போனவர் போனவர்தான், அவர் கணக்கில் இல்லை.

ஆனால் உதவித்தொகை வாங்குகிறவர்களைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. அவள் பஸ் ஏறும் இடத்துக்கு எதிரேதான் அந்த அலுவலகம். மாத முதல் வாரத்தில் வாசல் தாண்டி வரிசை நிற்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள்.

"எப்படி இருக்கான் தெரியுமா, மலை மாதிரி. அவனுக்கு அரசாங்கம் தண்டம் அழுவுது. என் சம்பளத்துல புடிச்சு அவனுக்குக் குடுக்குது."

"அக்கா, அந்த வரிசையில நானும் நிக்கிறேன்."

"நீ வேற. உனக்கு நோவு. அவனுங்களுக்குக் கொழுப்பு."

சிரிப்பேன். ஆனால் அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வாடகை உதவிக்குப் போனால், வரம்புக்கு மேலே சம்பளம் என்றார்கள். இலவச மருத்துவ அட்டைக்குப் போனால் அங்கேயும் வரம்புக்கு மேலே. அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அக்கா எங்கே நின்றாலும் அது அவள் காலுக்கு ஒரு சாண் கீழே இருக்கும். இதையெல்லாம்விட அவளுக்கு வயிற்றெரிச்சல் ஓவர்டைம். அவள் கூடுதலாக இரண்டு மணி நேரம் நின்றால், வீட்டு வருமானம் ஏறிவிட்டது என்று என் உதவித்தொகையில் அதைக் கழித்துவிடுவார்கள்.

"அப்ப அந்த ரெண்டு மணி நேரம் நான் யாருக்குடா நின்னேன்?" என்று கேட்பாள். வரிசையில் நிற்கிறவன் உன்னிடமிருந்து எடுக்கவில்லை, எடுக்கிற கை வேறே என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "நீ அவங்க கட்சி" என்று முடித்துவிடுவாள்.

கீழ்வீட்டில் ஒருவர் இருந்தார். லாரி ஓட்டியவர், முதுகெலும்பு தேய்ந்து பத்து வருஷமாக உதவித்தொகையில் இருக்கிறார். எந்தப் படிவத்தில் எந்தக் கேள்வி எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்வார். அக்கா அவருக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தாள். அது பாராட்டு இல்லை.

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை. அந்தத் தடவை அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று கடிதம் வந்தது. வக்கீல் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இரண்டு மாடி ஏறி வந்தார்.

"தம்பி, வர்றவங்க நல்லவங்களாத்தான் இருப்பாங்க. ஆபத்தே அதுதான். எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. நல்லா இருக்கேன்னு சொல்லிடாத, அதையும் எழுதிப்பாங்க. மாசத்துலயே மோசமான நாள் எது, அதைச் சொல்லு. மத்த நாளைப் பத்திப் பேசாத."

அவர் இறங்கிப் போன பிறகு அக்கா சொன்னாள், "பிச்சை எடுக்கப் பாடம் நடத்திட்டுப் போறாரு."

அதிகாரி வருகிற அன்று அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அக்கா வீட்டில் இருந்தாள். தரையைத் துடைத்தாள். என்னை முகம் மழிக்கச் சொன்னாள். முழுக்கைச் சட்டை ஒன்றை மடிப்புக் கலையாமல் எடுத்து மாட்டி, மணிக்கட்டு வரை பட்டன் போட்டுவிட்டாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்களா என்று கேட்டேன். பேசாமல் இருடா என்றாள்.

வந்தது ஒரு சின்ன வயதுப் பெண். நாள் முழுக்க மாடி ஏறி இறங்குகிற களைப்பு முகத்தில் இருந்தது. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாள். மடியில் கணினிப் பலகையை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள், நான் வக்கீல் சொன்னபடியே சொன்னேன். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

"வீட்டுல இருக்கிறவங்களையும் கேக்கணும்மா. தம்பி பகல்ல என்ன பண்ணுவாரு?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சும்மாவே உக்கார மாட்டான்மா. வீடு பெருக்குறது, தண்ணி புடிக்கிறது எல்லாம் அவன்தான்."

"சமையல்?"

"பிரமாதமா பண்ணுவான். நான் வர்றதுக்குள்ள முடிச்சு வெச்சிடுவான்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுப்பின் மேல் விழுந்து என் இடது முழங்கை வரை வெந்துபோனது. அதிலிருந்து அக்கா வேலைக்குப் போகும்போது தீப்பெட்டியையும் லைட்டரையும் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் போவாள். அந்தத் தழும்பு அவள் பட்டன் போட்டுவிட்ட சட்டைக்குள் இருந்தது.

"தனியா வெளிய போயிட்டு வருவாரா?"

"தாராளமா. கடைக்காரங்க எல்லாருக்கும் இவன்னா உசிரு. அவ்வளவு பொறுப்பு."

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டியிருந்தால் போதும். திறக்கவில்லை. யாரோ ஓர் அதிகாரி மரியாதையாக என்னைப் பற்றி விசாரிக்கிறாள், அக்கா தம்பியைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறாள். அப்படி ஒரு பேச்சை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. பொய்தான். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. அந்த ஐந்து நிமிஷ சுகத்துக்காகச் சும்மா இருந்துவிட்டேன்.

அவள் போன பிறகு அக்கா, "அந்தப் பொண்ணு எவ்வளவு தன்மையாப் பேசுச்சு பாரு" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. பணிபுரியத் தகுதியுடையவர் என்று இருந்தது. காரணங்களில் சமையல் முதலாவது, கடைக்குத் தனியாகப் போய் வருவது இரண்டாவது. வக்கீல் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு சொன்னது இதை?" என்று கேட்டார். அக்கா உள்ளே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று எனக்குத் தலைகால் தெரியாத கோபம்.

"இவன் ஒண்ணுக்கும் உதவ மாட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும் அக்கா."

"அப்பா சொன்னதை நான் சொல்லணுமா?"

"சொன்னா என்ன, வாய் வெந்தா போயிடும்?"

"வெந்துடும்டா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். உதவாதவன் என்று நிரூபித்தால்தான் உதவித்தொகை என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. இருபத்தாறு வருஷமாக முடியுமா என்று கேட்பவர்களிடம் முடியும் என்று சொல்லியே பிழைத்தவள். முடியாது என்று சொல்கிறவர்களுக்கு மறுநாள் அங்கே வேலை இருக்காது.

மேல்முறையீடு எழுதிப் போட்டோம். ஆறு மாதம் ஆகலாம் என்றார்கள். வாடகை ஆறு மாதம் காத்திருக்காது. அக்கா காலை ஷிஃப்டோடு சாயங்கால ஷிஃப்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். இப்போது கழிப்பதற்கு என் தொகையே இல்லை என்பதால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அந்த விதத்தில் அரசாங்கம் அவளுக்கு ஒரு நல்லது செய்திருந்தது.

உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கட்டை உண்டு. கை பட்டால் மிஷின் தானாக நின்றுவிடும். தடித்த போர்வை பட்டாலும் நின்றுவிடும். நின்றால் மறுபடி சூடேறப் பத்து நிமிஷம் ஆகும், அதற்குள் மேலே வார்டிலிருந்து போன் வரும். அதனால் கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு நாடா கிழித்து, கட்டையைத் தூக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். மேற்பார்வையாளர் அதைப் பார்க்காத மாதிரி போவார். அந்த முடிச்சை அவிழாமல் போடுவதில் அக்கா கெட்டிக்காரி.

சாயங்காலம் நாலு மணி. அன்று அக்கா உருளையின் வாய்ப் பக்கம் பத்து மணி நேரம் நின்றாகிவிட்டது. "மடிப்பக்கா, இன்னும் ரெண்டு வண்டி இருக்கு, முடியுமா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். முடியும் என்றாள். இரண்டாவது வண்டியில் ஒரு விரிப்பின் விளிம்பு சுருண்டிருந்தது. அதை நீவி விடப் போனாள். மறுமுனையைப் பிடித்திருந்தவள் ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பதற்குள் வலது கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது.

அதே ஆஸ்பத்திரியில், சலவைக்கூடத்துக்கு நேர் மேலே மூன்றாவது தளத்தில் படுக்க வைத்தார்கள். நான்கு விரலை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் மட்டும் வளைந்து நின்றது. மறுநாள் கண் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு கால்மாட்டில் கிடந்த விரிப்பைப் பார்த்தாள். "இதை யாரு மடிச்சது, கோணலா இருக்கு" என்றாள்.

சலவைக்கூடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் ஒப்பந்தக்காரரின் ஆள் படுக்கைக்கே வந்து, தடுப்பைக் கட்டியது யார் என்று விசாரித்தான். "நான்தான் சார், நான் கட்டுனா அவுழாது" என்று சொல்லிவிட்டாள். நஷ்டஈடு அந்த வாக்கியத்தோடு போயிற்று. தொழிலாளர் காப்பீட்டுக்குப் போனேன். பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தை முடித்துப் புதுசாகப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் அக்கா ஏழு மாதமாக வேலை செய்கிற புது ஆள். இன்னும் தகுதி வரவில்லை என்றார்கள். மிச்சம் இருந்தது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அந்த வரிசைதான்.

இரண்டு பேரும் போய் நின்றோம். அக்காவுக்கு நிற்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. கட்டுப்போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தாள். எதிர்ச்சாரியில் சலவைக்கூடத்துப் பெண்கள் இரண்டு பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். ஒருத்தி கையை ஆட்டினாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தது அதே பெண் அதிகாரிதான். எங்களை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இந்தத் தடவை நான் தரையைத் துடைக்கவில்லை. பாத்திரங்களைக் கழுவாமல் போட்டிருந்தேன். அக்கா நல்ல உடுப்பை எடுத்துத் தரச் சொன்னாள். தரவில்லை. தலையும் சீவி விடவில்லை. எதற்கென்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"நல்லா இருக்கேம்மா" என்றாள் அக்கா.

"சட்டைக்கு பட்டன் போட முடியுதா?"

"இடது கை இருக்கே. மெதுவா ஒவ்வொண்ணா..."

"முடியாதுங்க" என்றேன் நான். "அவங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வராது. என்னைக் கேளுங்க."

கேட்டாள். சொன்னேன். தலை சீவிக்க முடியாது, நான்தான் சீவி விடணும். சாப்பாட்டை எடுத்து வாய்க்குக் கொண்டு போகத் தெரியல, ஊட்டி விடணும். எதைக் கொடுத்தாலும் கீழே போட்டுடுறாங்க. மாசத்தில் ஒரு நாள் நடந்ததையெல்லாம் தினமும் நடப்பதாகச் சொன்னேன். அதிகாரி குரலைத் தாழ்த்தி, "பாத்ரூமுக்கு?" என்றாள்.

"கழுவி விடுறதும் நான்தான். எழுதிக்கோங்க."

அது சுத்தப் பொய். முதல் நாளிலிருந்தே கதவைச் சாத்திக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் தானே பார்த்துக்கொண்டு வருவாள். ஒரு தடவைகூட என்னை உள்ளே விட்டதில்லை. அதிகாரி தட்டி முடித்துவிட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள்.

"வேற என்னங்க. ஒண்ணுக்கும் உதவ மாட்டாங்க."

நன்றாகத்தான் சொன்னேன். அக்கா ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த இடது கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பற்றிச் சொன்ன பொய்க்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் அவளைப் பற்றிச் சொன்ன பொய்க்கு அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்தில் தொகை வந்துவிட்டது. கேஸ் ஜெயிச்சாச்சு என்று வக்கீல் என் முதுகில் தட்டினார். அக்கா கடிதத்தைப் படிக்கச் சொன்னாள். பிறர் துணையின்றி எந்த அன்றாடச் செயலையும் செய்ய இயலாதவர் என்று இருந்ததைத் தாண்டிப் படிக்கப் பார்த்தேன். விட்டதையும் படிடா என்றாள். படித்தேன். தொகை எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன்.

"நான் நின்னப்ப சம்பளம்னு கைக்கு வந்ததும் கிட்டத்தட்ட இதானே."

"ஆமா அக்கா."

"அப்ப இத்தனை வருஷம் என்னை எதுக்குடா நிக்க வெச்சாங்க?"

ஏமாற்றுகிறவனுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள், உழைக்கிறவனைக் கிள்ளுகிறார்கள் என்று இப்போதும் பஸ்ஸில் யாராவது பேசுவது காதில் விழும். முன்பென்றால் சண்டைக்குப் போவேன். என் அக்கா நிற்கும்போது அவளுக்கு ஒரு சல்லிக்காசு உதவியாக வரவில்லை. கை போன பிறகும், மானமும் போனால்தான் வரும் என்றார்கள். இதில் யாருக்கு அள்ளிக் கொடுத்தார்கள் என்று அவர்களிடம் கேட்கலாம். கேட்பதில்லை. என் மேல்முறையீடு இன்னும் அங்கேயே கிடக்கிறது. காகிதத்தில் நான் பணிபுரியத் தகுதியுடையவன்.

போன ஞாயிற்றுக்கிழமை விரிப்புகளைத் துவைத்து மாடியில் காயப் போட்டு எடுத்து வந்தேன். அறை நடுவில் நின்று ஒன்றை உதறி, இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வா. அந்த முனையப் பிடி. இடது கையால பிடிச்சாப் போதும்."

அவள் எழுந்திருக்கவில்லை. நான் இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"உதவாக்கரைய எதுக்குடா கூப்பிடுற?" என்றாள்.

அதில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. பேர் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். அப்பா போனதிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை. நான் இரண்டு மூலையைப் பிடித்தபடி நின்றேன். மற்ற இரண்டும் தரையில் கிடந்தன.